போராளி, வேட்பாளர், துறவி: ஜுசேப்பே தொசெத்தியின் வாழ்வு



கிறிஸ்தவர் அரசியலில் இறங்கலாமா, இறங்கினால் எந்த அளவுக்கு, எந்த நிபந்தனையோடு என்ற கேள்வி தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் பங்குகளில் எழுகிறது. அன்பியக் கூட்டங்களில் எழுகிறது, திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்று பேசும்போதும் எழுகிறது. "அரசியல் ஒரு சாக்கடை, நமக்கு ஏன் வம்பு?" என்று ஒரு சாரார் ஒதுங்கிக்கொள்கின்றனர். "யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சாமியாரே சொல்லிவிட்டால் என்ன?" என்று மற்றொரு சாரார் கேட்கின்றனர். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தம் வாழ்நாள் முழுவதும் அதற்கு விடை தேடிய ஒரு மனிதரைப் பற்றி இங்கே சிந்திப்போம். இத்தாலி நாட்டைச் சேர்ந்த அவர் பெயர் ஜுசேப்பே தொசெத்தி. அவர் பாசிசத்தை எதிர்த்த போராளி. அரசியல் சட்டத்தை எழுதியவர்களுள் ஒருவர். மாநகராட்சித் தேர்தலில் நின்று தோற்று, இரண்டு ஆண்டுகள் உறுப்பினராக அமர்ந்தவர். பின்னர் குருவாகி, துறவியாகி, 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். நம்மிடையே அவர் பெயர் அதிகம் அறியப்படவில்லை.

தொசெத்தி 1913-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் ஜெனோவா நகரில் பிறந்தார். ஆனால் வளர்ந்ததெல்லாம் வட இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா நகருக்கு அருகிலுள்ள கவ்ரியாகோ என்னும் சிற்றூரில்தான். அது விவசாயக் கூலிகளும் சோசலிசக் கருத்துகளும் நிறைந்த மண். 1934-இல் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து முடித்து, மிலான் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். திருச்சபைச் சட்டம்தான் அவருடைய துறை. பாசிசம் இத்தாலி முழுவதையும் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. கத்தோலிக்க அறிஞர்களில் பலர் அதனோடு ஒத்துப்போயினர், வேறு பலர் மௌனம் காத்தனர். மிலானில் நண்பர் ஜுசேப்பே லட்சாத்தி போன்ற சில இளம் பேராசிரியர்களோடு சேர்ந்து, பாசிசம் விழுந்தபின் எத்தகைய நாடு அமைய வேண்டும் என்று தொசெத்தி சிந்திக்கத் தொடங்கினார். அன்று அப்படிச் சிந்திப்பதே ஆபத்துதான்.

ஆயுதம் ஏந்தாத போராளி

1943-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் இத்தாலி நேச நாடுகளோடு போர்நிறுத்தம் செய்ததாக அறிவித்தது. உடனே ஜெர்மன் படைகள் நாட்டின் வடபகுதியையும் நடுப்பகுதியையும் கைப்பற்றின. முசோலினியின் பெயரால் ஒரு பொம்மை அரசு அமைந்தது. இதை எதிர்க்க எழுந்ததுதான் தேசிய விடுதலைக் குழு. கம்யூனிஸ்டுகள், சோசலிஸ்டுகள், தாராளவாதிகள், கிறிஸ்தவ ஜனநாயகத்தினர் எனப் பல தரப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்த அமைப்பு இது. ஒவ்வொரு மாநிலத்திலும் மாவட்டத்திலும் இதற்குக் கிளைகள் தோன்றின. ரெஜ்ஜோ எமிலியா பகுதிக் குழுவிற்குத் தலைவரானவர் தொசெத்தி. "பெனிஞ்ஞோ" என்பது அவர் வைத்துக்கொண்ட மறைவுப் பெயர். கனிவுள்ளவன் என்று பொருள். அவருடைய தம்பி எர்மான்னோவும் இந்த எதிர்ப்பியக்கத்தில் இருந்தார்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். தலைமறைவு வாழ்வில், அப்பெனைன் மலைப்பகுதிகளில், எந்த நேரமும் பிடிபட்டுச் சுடப்படலாம் என்ற நிலையிலும் தொசெத்தி துப்பாக்கியைத் தொடவில்லை. கூட்டங்களை ஒழுங்குசெய்வார், வெவ்வேறு கட்சியினருக்கு இடையே எழும் பூசல்களைத் தீர்த்துவைப்பார், ஆனால் ஆயுதம் தரிக்கமாட்டார். அதே மலையில் கத்தோலிக்கப் போராளிகள் "பச்சைச் சுடர்கள்" என்ற பெயரில் ஒரு படைப்பிரிவு அமைத்தனர். அதன் தளபதி யார் தெரியுமா? தொமேனிக்கோ ஓர்லாந்தினி என்ற மறைமாவட்டக் குரு! குரு ஒருவர் படை நடத்துகிறார், பொதுநிலையினர் ஒருவர் ஆயுதம் வேண்டாம் என்கிறார். எது சரி என்று தீர்ப்பிடுவது, எண்பது ஆண்டுகளுக்குப் பின் பாதுகாப்பாக அமர்ந்திருக்கும் நமக்கு எளிதன்று. ஒரே நற்செய்தியை வாசித்த இருவர், ஒரே தீமையின் முன் நின்று, வெவ்வேறு முடிவுக்கு வந்தனர் என்பது மட்டும் உண்மை.

அந்தப் பகுதியில் சிந்தப்பட்ட இரத்தத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு அருள்பணி பஸ்குவீனோ போர்கி. அவர் சூடானில் மறைப்பணியாளராக இருந்தவர். பின்னர் நாடு திரும்பி, தாப்பிஞ்ஞோலா என்ற மலைக் கிராமத்தில் பங்குத்தந்தையானார். தப்பிவந்த போர்க்கைதிகளுக்கும் போராளிகளுக்கும் தம் பங்கு இல்லத்தில் அடைக்கலம் கொடுத்தார். அதற்காக 1944 ஜனவரி 30-ஆம் நாள் ரெஜ்ஜோ எமிலியாவில் வேறு எட்டுப் பேரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு ஒரு மாதத்திற்கு முன்புதான், டிசம்பர் 28-ஆம் நாள், செர்வி குடும்பத்தின் ஏழு சகோதரர்கள் அதே நகரில் ஒன்றாகச் சுடப்பட்டனர். கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தில் பிறந்து கம்யூனிசக் கொள்கைக்கு வந்தவர்கள் அவர்கள். ஏழு மகன்களையும் ஒரே நாளில் இழந்த அந்தப் பெற்றோரை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே கம்யூனிஸ்டுகளோடு பேசலாமா கூடாதா என்பது தொசெத்திக்கு ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. அவர்களோடு சேர்ந்து சாவின் நிழலில் நடந்திருக்கிறார். அதே நேரத்தில் அவர்களைப் பற்றிய மயக்கமும் அவருக்கு இல்லை. போர் முடிந்த பிறகும் அந்தப் பகுதியில் பழிவாங்கும் கொலைகள் நிற்கவில்லை. 1946 ஜூன் மாதம் கொரெஜ்ஜோ நகருக்கு அருகே பங்குத்தந்தை உம்பெர்த்தோ பெசீனா, முன்னாள் கம்யூனிசப் போராளிகளால் கொல்லப்பட்டார். நேற்றுவரை தோழர்களாக இருந்தவர்களின் கையிலும் இரத்தம் படிந்திருந்தது. இந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் தாங்கியபடிதான் தொசெத்தி அரசியலுக்குள் வந்தார்.

உரோமை நகரில் ஒரு வீடு

1946 ஜூன் 2-ஆம் நாள் இத்தாலிய மக்கள் முடியாட்சியைக் கைவிட்டுக் குடியரசைத் தேர்ந்தனர். அன்றே அரசியல் சட்டத்தை எழுதுவதற்கான 556 உறுப்பினர் கொண்ட மன்றத்தையும் தேர்ந்தெடுத்தனர். தொசெத்தி கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி உறுப்பினராக அதில் இடம்பெற்றார். அப்போது வயது 33. உரோமையில் லா பீரா, லட்சாத்தி, ஃபன்ஃபானி ஆகிய நண்பர்களோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தார். திருப்பலியும் செபமும் வாதமும் நிறைந்த வீடு அது. இவர்களில் ஜோர்ஜோ லா பீரா பின்னர் புளோரன்ஸ் நகர மேயரானார். லட்சாத்தி ஜெர்மன் சிறை முகாம்களில் துன்புற்றுத் திரும்பியவர். அவ்விருவரையும் திருத்தந்தை பிரான்சிஸ் வணக்கத்துக்குரியவர்கள் என அறிவித்துள்ளார் (லட்சாத்தி 2013, லா பீரா 2018). அமிந்தோரே ஃபன்ஃபானி பலமுறை இத்தாலியின் பிரதமரானார். ஒரே வீட்டிலிருந்து எத்தனை விதமான பாதைகள்!

அரசியல் சட்ட மன்றத்தில் தொசெத்தி ஆற்றிய பணியில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்வோம். 1946 செப்டம்பர் 9-ஆம் நாள், உரிமைகளும் கடமைகளும் குறித்த துணைக்குழுவில் அவர் ஒரு முன்மொழிவு வைத்தார். அரசுக்கு முன்பே மனித ஆள் இருக்கிறார், மனிதருக்காகவே அரசு, அரசுக்காக மனிதர் அல்லர் என்பதை இந்தச் சட்டம் ஏற்க வேண்டும் என்பதே அதன் சாரம். பாசிசம் கற்பித்ததற்கு நேர் எதிரான கருத்து இது. அதற்கு எல்லாம் அரசே. குடும்பமும் சங்கமும் திருச்சபையும்கூட அரசு விட்டுவைத்தால்தான் உண்டு. அந்தத் துணைக்குழுவில் கம்யூனிஸ்டுத் தலைவர் தொல்யாத்தியும் இருந்தார். கடவுள் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய சொற்களைத் தேடிக் கண்டுபிடித்ததுதான் தொசெத்தியின் திறமை. மனிதரின் மீறமுடியாத உரிமைகளை அரசு வழங்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதை ஏற்றுக்கொள்கிறது என்ற பொருளில் இத்தாலிய அரசியல் சட்டத்தின் 2-ஆம் பிரிவு அமைந்திருப்பதற்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது.

திருச்சபைக்கும் அரசுக்கும் இடையிலான லாத்தரன் உடன்படிக்கைகளை 7-ஆம் பிரிவில் சேர்ப்பதற்கும் அவரே முன்னின்று வாதாடினார். 1947 மார்ச் 25-ஆம் நாள் 350 வாக்குகள் ஆதரவாகவும் 149 எதிராகவும் விழுந்தன. கம்யூனிஸ்டுகளும் ஆதரித்து வாக்களித்தது அன்று பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. பிற்காலத்தில், சலுகைகளைச் சார்ந்து நிற்கும் திருச்சபையைவிட ஏழைகளோடு நிற்கும் திருச்சபையே அவர் மனத்தில் மேலோங்கி நின்றது. ஆனால் அது பின்னால் நடந்தது.

கட்சியின் துணைச் செயலராக இருந்தபோதிலும் தலைவர் தெ காஸ்பெரியோடு அவருக்குப் பல கருத்து வேறுபாடுகள் இருந்தன. ஏழைகளின் வேலைவாய்ப்புக்கு அரசு இன்னும் துணிந்து செலவிட வேண்டும் என்றார். நேட்டோ இராணுவக் கூட்டணியில் சேருவதைக் கட்சிக்குள் எதிர்த்தார். 1951-இல் கட்சிப் பொறுப்புகளிலிருந்து விலகினார். 1952-இல் நாடாளுமன்றப் பதவியையும் துறந்தார். இன்னும் நாற்பது வயதுகூட ஆகவில்லை. பதவியை அடைவதற்கு என்னென்னவோ செய்கிறவர்களை அன்றாடம் பார்க்கும் நமக்கு இது புதிராகத் தோன்றலாம். கட்சிக்குள் தோற்றதால் சோர்ந்துபோய் விலகினார் என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அவருடைய கணிப்பு வேறு. மக்களின் உள்ளத்திலும் திருச்சபையின் வாழ்விலும் புதுப்பித்தல் நிகழாமல், மேலிருந்து சட்டம் போட்டு மட்டும் நாட்டை மாற்ற முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். ஆகவே பொலோஞ்ஞாவுக்குச் சென்று, மறைநூலையும் திருச்சபை வரலாற்றையும் ஆராய ஒரு மையம் தொடங்கினார். அவரைச் சுற்றி ஆண்களும் பெண்களுமாக ஒரு சிறு செபக் குழு உருவாகத் தொடங்கியது.

கர்தினாலின் வேண்டுகோள்

இப்போது கதையின் கடினமான பகுதிக்கு வருகிறோம்.

பொலோஞ்ஞா அன்று மேற்கு ஐரோப்பாவிலேயே புகழ்பெற்ற கம்யூனிச நகரம். 1945 ஏப்ரல் 21-ஆம் நாள் நகரம் விடுதலை பெற்றதும் மேயராக அமர்ந்த ஜுசேப்பே தோட்சா, பாசிச காலத்தில் நாடுகடந்து வாழ்ந்த பழைய போராளி. மக்களிடம் எளிமையாகப் பழகுகிறவர். போரில் இடிந்த நகரை மீண்டும் கட்டியெழுப்பியவர் என்று கம்யூனிஸ்டு அல்லாதவர்களிடமும் மதிப்புப் பெற்றிருந்தார். மறுபக்கம், 1952-இல் பேராயராகப் பொறுப்பேற்ற ஜாக்கமோ லெர்காரோ, அடுத்த ஆண்டு கர்தினாலானார். ஏழை மாணவர்களையும் பெற்றோரில்லாத பிள்ளைகளையும் பேராயர் இல்லத்திலேயே தம்மோடு தங்கவைத்து வளர்த்தவர் இவர். அதே வேளையில் கம்யூனிசத்தை நேருக்கு நேர் எதிர்க்கத் துணிந்தவர். "பறக்கும் துறவிகள்" என்று மக்கள் அழைத்த பிரான்சிஸ்கன் சபைத் துறவிகளை வாகனங்களில் ஏற்றி, கம்யூனிஸ்டுகளின் கோட்டையாக இருந்த சதுக்கங்களுக்கே போதிக்க அனுப்பினார். 1949-ஆம் ஆண்டு திருப்பீடம் பிறப்பித்த ஆணை, கம்யூனிசக் கொள்கையை ஏற்றுப் பரப்புவோரைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்திருந்த காலம் அது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

1956-இல் மாநகராட்சித் தேர்தல் வந்தது. தோட்சாவை எதிர்த்து நிற்கத் தகுதியானவர் யார் என்று பார்த்தபோது லெர்காரோவின் கண் தொசெத்தி மேல் விழுந்தது. அரசியலை விட்டு விலகி, செபத்துக்கும் படிப்புக்கும் தம்மைக் கையளித்திருந்த மனிதரிடம் போய், தேர்தலில் நில்லுங்கள் என்று கேட்டார். தொசெத்திக்கு இதில் விருப்பமில்லை. தம் தயக்கத்தை அவர் மறைக்கவுமில்லை. ஆயினும் தம் ஆயருக்குக் கீழ்ப்படிந்து ஏற்றுக்கொண்டார்.

கர்தினால் செய்தது சரியா? அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கலாம். திருச்சபைச் சட்டப்படி இதில் தடையேதும் இருக்கவில்லை. தொசெத்தி அப்போது திருநிலைப்படுத்தப்பட்டவர் அல்லர், பொதுநிலையினரே. குருக்கள் ஆட்சி அதிகாரத்தில் பங்குகொள்ளும் பொதுப் பதவிகளை ஏற்கக் கூடாது என்று இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 285-ஆம் எண் கூறுவது பொதுநிலையினருக்குப் பொருந்தாது. மாறாக, பொதுவாழ்வில் ஈடுபடுவது அவர்களுக்கே உரிய அழைப்பு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் பின்னர் தெளிவாகக் கற்பித்தது. ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்பதாலேயே ஒரு செயல் ஞானமுள்ளதாகிவிடுமா? ஆயர் ஒருவர் தமக்குக் கீழ்ப்படியும் ஒருவரை வேட்பாளராக நிறுத்தும்போது, வாக்காளர் முன் நிற்பது யார்? அந்த வேட்பாளரா, ஆயரா? தோற்றால் தோற்பது யார்? நம் எண்ணத்தில், லெர்காரோ அன்று எடுத்த முடிவில் ஆன்ம தாகம் இருந்தது, ஆனால் முன்மதி குறைவாக இருந்தது. பொதுநிலையினர் தாமே தேர்ந்து செய்ய வேண்டிய ஒன்றைக் கீழ்ப்படிதலின் பெயரால் செய்யச் சொல்வது, கீழ்ப்படிதலுக்கும் நல்லதன்று, அரசியலுக்கும் நல்லதன்று.

ஆனால் தொசெத்தி அந்தக் கீழ்ப்படிதலை எப்படி வாழ்ந்தார் என்பதைப் பார்த்தால் மதிப்பு கூடுகிறது. பெயருக்கு நின்றுவிட்டுப் போகவில்லை. சமூகவியல் அறிஞர் அக்கில்லே ஆர்திகோ போன்றவர்களோடு அமர்ந்து நகரின் நிலையை ஆராய்ந்து, "பொலோஞ்ஞா பற்றிய வெள்ளை நூல்" என்ற தேர்தல் அறிக்கையைத் தயாரித்தார். வேலை தேடிக் கிராமங்களிலிருந்து வந்த மக்களால் நகரம் வேகமாக வீங்கிக்கொண்டிருந்தது. புறநகரில் வீடுகள் எழுந்தன. ஆனால் அங்கே குடியேறியவர்களுக்கு அண்டை வீட்டாரைத் தெரியாது, நகர மன்றம் எங்கோ நடுவில் இருந்தது. இதற்கு அவர் சொன்ன வழி: நகரத்தைப் பல பகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனக்கென ஒரு மன்றம் இருக்கட்டும். பள்ளி, பூங்கா, நூலகம், மருத்துவ உதவி போன்றவற்றைப் பற்றி அந்தப் பகுதி மக்களே கூடிப் பேசட்டும். நம் ஊர் வார்டு என்பது பெரும்பாலும் வாக்கு எண்ணுவதற்கான ஒரு பிரிவு. அவர் கேட்டது ஒருவரையொருவர் முகம் தெரிந்து வாழக்கூடிய அளவிலான ஒரு சமூகம். கட்சியும் வேண்டாம், கொடியும் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கட்சிக்கும் கொடிக்கும் கீழே மனிதர்கள் கூடிப்பேச ஓர் இடம் வேண்டும் என்றார்.

1956 மே மாதம் மக்கள் வாக்களித்தனர். தோட்சா தெளிவாக வென்றார். தொசெத்தி தோற்றார்.

பதவி கிடைக்கவில்லை என்று அவர் எழுந்து போய்விடவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினராக நகர மன்றம் கூடும் அக்கூர்சியோ மாளிகையில் அமர்ந்து, சாலை, வீட்டுவசதி, வரவுசெலவுத் திட்டம் என எல்லா விவாதங்களிலும் கலந்துகொண்டார். அரசியல் சட்டத்தையே எழுதியவர், நகராட்சி விவகாரங்களுக்கு இவ்வளவு நேரம் கொடுத்தாரா என்று நமக்குத் தோன்றும். இரண்டு ஆண்டுகள் அப்படிப் பணியாற்றியபின், 1958-இல் குருத்துவப் பாதையை மேற்கொள்ள அனுமதி பெற்று மன்றத்திலிருந்து விலகினார். 1959 ஜனவரி 6-ஆம் நாள், ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழாவன்று, லெர்காரோவின் கைகளாலேயே குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

வெள்ளை நூல் என்னவாயிற்று? தேர்தலில் வென்ற கட்சியே சில ஆண்டுகளில் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டது. 1960-களில் பொலோஞ்ஞாவில் பகுதி மன்றங்கள் அமைக்கப்பட்டன. இத்தாலியில் இதற்கு முன்னோடி இந்த நகரமே. 1976-இல் நாடு முழுவதற்குமே இதற்குச் சட்டம் வந்தது. தோற்றவரின் திட்டத்தை வென்றவர்கள் நிறைவேற்றுவது அரசியலில் அபூர்வம்தான். இதில் பொலோஞ்ஞா கம்யூனிஸ்டுகளின் பெருந்தன்மையையும் பாராட்டத்தான் வேண்டும்.

லெர்காரோவும் மாறினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 1962 டிசம்பர் 6-ஆம் நாள், கிறிஸ்துவின் மறைபொருள் ஏழைகளில் வெளிப்படுவதே சங்கத்தின் மையப் பொருளாக வேண்டும் என்று அவர் ஆற்றிய உரை நினைவுகூரத்தக்கது. அவருக்குப் பக்கத்துணையாக நின்ற இறையியல் அறிஞர் தொசெத்திதான். அடுத்த ஆண்டு லெர்காரோ, சங்கத்தை வழிநடத்தும் நான்கு கர்தினால்களில் ஒருவராக நியமிக்கப்பட்டபோது, தொசெத்தி அந்நால்வருக்கும் செயலராகச் சிறிது காலம் பணியாற்றினார். ஆயர்கள் அனைவரும் திருத்தந்தையோடு இணைந்து ஒரே குழாமாகத் திருச்சபைக்குப் பொறுப்பேற்கிறார்களா என்ற கேள்வியை வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவதில் அவருடைய கைவண்ணம் இருந்தது. ஒரு பேரவை எப்படிக் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்பதை அவர் அரசியல் சட்ட மன்றத்தில் கற்றிருந்தார். அந்தப் பழைய அனுபவம் திருச்சபையின் பேரவைக்கு இப்படிப் பயன்பட்டது. ஆனால் சங்கத்தின் பொதுச்செயலருக்கு இது அத்துமீறலாகத் தோன்றியதால், தொசெத்தி சத்தமின்றிப் பதவியை விட்டு ஒதுங்கினார். பதவிகளை விட்டு ஒதுங்குவது அவருக்குப் புதிதல்லவே.

1966 நவம்பரில் பொலோஞ்ஞாவின் கம்யூனிச நகர மன்றம் கர்தினால் லெர்காரோவுக்குக் கௌரவக் குடியுரிமை அளித்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் எதிரெதிரே நின்றவர்கள்! 1968 ஜனவரி முதல் நாள், முதலாவது உலக அமைதி நாளன்று, வியட்நாமில் அமெரிக்கா குண்டு வீசுவதை நிறுத்த வேண்டும் என்று லெர்காரோ மறையுரையில் வெளிப்படையாகக் கேட்டார். அடுத்த மாதமே அவர் மறைமாவட்டப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவருக்கு நெருக்கமாக உதவிவந்த தொசெத்தியும் மறைமாவட்ட நிர்வாகத்திலிருந்து விலகினார்.

மலைமேல் ஒரு கல்லறைத் தோட்டம்

அதன்பின் அவர் வாழ்வு பெரிதும் மௌனத்தில் கழிந்தது. அவர் நிறுவிய "மங்கள வார்த்தையின் சிறு குடும்பம்" என்ற துறவறக் குழு, பொலோஞ்ஞாவுக்கு அருகே மொந்தேவேலியோவில் இருந்தது. 1972-இல் சிலரோடு புனித நாட்டுக்குச் சென்றார். எரிகோவிலும் பிற இடங்களிலும் யூதர்கள், இஸ்லாமியர்கள், கீழை கிறிஸ்தவர்கள் நடுவே மறைநூலை வாசித்துச் செபித்து வாழ்ந்தார். 1986 பிப்ரவரியில் பொலோஞ்ஞா நகரம் அவருக்குத் தன் உயரிய விருதை வழங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவரை மேயராகத் தேர்ந்தெடுக்காத அதே நகரம்!

மௌனத்தை அவர் கலைத்தது 1994-இல். இத்தாலியில் பழைய கட்சிகள் ஊழல் வழக்குகளில் நொறுங்கி விழுந்து, புதிய அணி ஆட்சிக்கு வந்திருந்த நேரம். அரசியல் சட்டத்தையே மாற்றியெழுதும் பேச்சு எழுந்தது. 81 வயதான அந்தத் துறவி, ஏப்ரல் மாதம் பொலோஞ்ஞா மேயருக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசியல் சட்டத்தைக் காக்க மக்கள் குழுக்கள் அமைக்க வேண்டும் என்றார். அடுத்த மாதம், மறைந்த நண்பர் லட்சாத்தியின் நினைவு நிகழ்ச்சியில், எசாயா நூலின் 21-ஆம் அதிகாரத்தில் சாமக் காவலரிடம் இரவைப் பற்றி வினவும் பகுதியைக் கருப்பொருளாகக் கொண்டு உரையாற்றினார். இரவு இன்னும் முடியவில்லை என்பதை மறைக்காமல் பேசினார். தள்ளாத வயதிலும் ஊர் ஊராகச் சென்றார்.

துறவி ஒருவர் மீண்டும் அரசியல் பேசலாமா என்று அப்போது சில கத்தோலிக்கர்களே முகம் சுளித்தனர். அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அவர் எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்கவில்லை, எந்தப் பதவியும் நாடவில்லை. எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவான சட்டத்தைப் பற்றி, அதை எழுதியவர்களுள் உயிரோடிருந்த ஒருவராகப் பேசினார். பொதுநன்மை கோரும்போது குருக்களும் குரல் கொடுக்க இடமுண்டு என்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 287-ஆம் எண் ஏற்றுக்கொள்கிறது. பொதுநன்மைக்காகக் குரல் கொடுப்பதற்கும் ஒரு கட்சிக்காக மறையுரை மேடையைப் பயன்படுத்துவதற்கும் இடையே உள்ள கோடு சில வேளைகளில் மெல்லியதுதான். 1956-இல் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் நிறுத்தப்பட்டவர், 1994-இல் அது எங்கே இருக்கிறது என்பதை நன்றாக அறிந்திருந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மொந்தே சோலே என்னும் மலையைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாற்றை முடிக்க முடியாது. பொலோஞ்ஞாவுக்குத் தெற்கே, மர்சபோத்தோவை அடுத்துள்ள மலைக் கிராமங்களில் 1944 செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 5 வரை ஜெர்மன் எஸ்.எஸ். படையினர் ஏறத்தாழ 770 பேரைக் கொன்றனர். பெரும்பாலோர் பெண்கள், முதியோர், குழந்தைகள். கசாலியா என்ற ஊரில் அச்சத்தோடு கோவிலில் கூடிச் செபித்துக்கொண்டிருந்த மக்களை வெளியே இழுத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓட்டிச் சென்று இயந்திரத் துப்பாக்கியால் சுட்டனர். பங்குத்தந்தை உபால்தோ மர்கியோனியும் கொல்லப்பட்டார். அதே மலைப்பகுதியில் மக்களைக் காக்க ஓடி ஓடி உழைத்து, அக்டோபர் 13-ஆம் நாள் கொல்லப்பட்ட 29 வயது குரு ஜோவான்னி ஃபொர்னசீனி, 2021 செப்டம்பர் 26-ஆம் நாள் பொலோஞ்ஞாவில் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

அந்தப் படுகொலை நடந்த இடத்திலேயே தம் துறவறக் குழுவின் ஒரு பகுதியினர் குடியிருந்து செபிக்க வேண்டும் என்று தொசெத்தி 1980-களில் ஏற்பாடு செய்தார். கொல்லப்பட்டவர்களைப் பற்றிய ஒரு நூலுக்கு 1986-இல் நீண்ட முன்னுரையும் எழுதினார். ஓர் இனம் மற்றோர் இனத்தைவிட உயர்ந்தது என்ற எண்ணம் சிறிது சிறிதாக எப்படிக் கொலையில் போய் முடிகிறது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது அதில் அவர் வலியுறுத்திய கருத்து.

1996 டிசம்பரில் அவர் இறந்தபோது, அவரை அடக்கம் செய்தது கசாலியாவின் அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான். சுடப்பட்ட கிராம மக்களின் நடுவே, எளிய மண் கல்லறையில் அவர் துயில்கொள்கிறார். அருகிலேயே அவருடைய சகோதர சகோதரிகள் திருப்பாடல்களைச் செபித்து வருகின்றனர்.